முழு மரத்தையும் விறகாக்கும் மெஷின்: சவுக்குத் தோப்புக்குச் சரிப்படுமா?

2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. புயல் போனதும் விழுந்த மரங்களை யார் அறுப்பது, எதை வைத்து அறுப்பது என்ற கேள்வி வரும். கையில் செயின்சா, தோளில் கோடரி. இதுதான் வழக்கமான பதில். ‘முழு மரத்தை அப்படியே ஏத்திவிட்டா விறகா வந்து விழுமே, அந்த மெஷினை வாங்கினால் என்ன?’ என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மெஷினை அல்ல, தங்கள் மரத்தை.

ஃபயர்வுட் ப்ராசஸர் எனப்படும் இந்த இயந்திரம் இரண்டு வேலை செய்கிறது. மரத்தை உள்ளே இழுத்து அளவாக அறுக்கும். அறுத்த துண்டை ஹைட்ராலிக் விசையால் ஆப்பின் மேல் தள்ளிப் பிளக்கும். பருமனான, நேரான மரங்கள் வளரும் குளிர்நாடுகளுக்காக உருவானது இது.

கடலோர மணலில் நிற்கும் சவுக்கு நேரானதுதான். ஆனால் நாலைந்து வருடத்தில் வெட்டும்போது பெரும்பாலும் ஐந்தாறு அங்குலப் பருமனுக்குள்தான் இருக்கும். சூளைக்கு இதைப் பிளக்கவே வேண்டாம், அப்படியே எரியும். ஆக, விலையில் பெரும்பகுதியை விழுங்கும் பிளக்கும் பாகம் சும்மா கிடக்கும். சவுக்கு மட்டும் உள்ளவருக்கு டிராக்டரில் ஓடும் வட்ட ரம்பமே போதும். சீமைக்கருவேலமோ கோணல் மாணலானது, முள் வேறு. உள்ளே இழுக்கும் பட்டையில் அது நேராகப் படுக்காது. அதற்கு ப்ராசஸர் வாங்குவது வீண் செலவு. புயலில் சாயும் வேம்பு, தூங்குமூஞ்சி போன்ற பெருமரங்கள் அடிக்கடி கிடைக்கிற குத்தகைக்காரருக்குத்தான் கணக்கு கட்டும். அவரும் கிளைகளைத் தனியாகக் கழித்தாக வேண்டும்.

வாங்குவதென்றே முடிவானால் அறுக்கும் பாகத்தைக் கவனியுங்கள். வட்ட ரம்பம் தன் விட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பருமனைத்தான் அறுக்கும். 700 மில்லிமீட்டர் ரம்பமென்றால் ஒன்பது அங்குலம், கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். பருமனான மரத்துக்கு செயின் வகை வசதி. ஆனால் நம்ம ஊரில் மரத்தைத் தரையில் இழுத்து வருகிறோம். பட்டையோடு மணலும் வரும். மணல் பட்டால் செயின் சீக்கிரம் மழுங்கிவிடும். கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பம் கூடுதல் நாள் தாங்கும். உப்புக்காற்றில் துரு பிடிக்கும் என்பதால், கொட்டகை இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம்.

இருபதடி மரத்தைத் தாங்க முன்பக்கம் நீளமான உருளை மேடை உண்டா? இல்லையென்றால் வால் தொங்கும், ரம்பம் சிக்கும். விளம்பரப் படங்களில் இது தெரியாது.

ஆபத்தை விற்பவர்கள் பேசுவதில்லை. டிராக்டரின் பிடிஓ தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது. துண்டு நுனியோ லுங்கியோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. தண்டுக்கு உறை கட்டாயம். ஒருவர் லீவரைப் பிடிக்க, இன்னொருவர் கட்டையைத் திருத்துவது என்ற பழக்கத்தில்தான் விரல்கள் போகின்றன. லீவரைத் தொடுபவரே கட்டையையும் தொட வேண்டும்.

இன்னொன்று. சொந்தத் தோப்பில் அறுப்பது வேறு, ஓரிடத்தில் நிறுத்திக் கூலிக்கு அறுப்பது வேறு. கோதவர்மன் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு மர அறுவை ஆலைகளுக்கான உரிமக் கட்டுப்பாடு இறுகிவிட்டது. முன்பணம் கொடுக்கும் முன்பே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விற்பவரிடமும் ஒன்று கேட்கலாம்: மணல் ஒட்டிய உங்கள் மரம் ஒரு டன்னைக் கொண்டுபோய், அவர் மெஷினிலேயே அறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.