எழுதிய இசையும் எழுதாத குரலும்



ஒரு பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரிப் பாடாத ஒருவரை, தாளில் எழுதிய சுரம் அணுவளவும் பிசகாமல் வாசிக்கும் எண்பது, நூறு வாத்தியக்காரரோடு மேடையேற்றினால் என்ன நடக்கும்?

ஜாஸ் பாடகி சாரா வோன், லொஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் 1982இல் நிகழ்த்திய கச்சேரியின் ஒலிப்பதிவு இதற்கு விடை சொல்கிறது. பாடல்கள் ஜோர்ஜ் கேர்ஷ்வின் இயற்றியவை. குழுவை நெறிப்படுத்தியவர் மைக்கல் தில்சன் தோமஸ்.

சாரா வோன் 1924இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில் பிறந்தவர். சிறுவயதில் தேவாலயத்திலே பாடினார், பியானோவும் கற்றார். நியூயோர்க் அப்பல்லோ அரங்கின் புதுமுகப் போட்டியில் வென்று, 1943இல் ஏர்ல் ஹைன்சின் குழுவிற் சேர்ந்தார். 1990இல் மறைந்தார்.

ஜாஸ் பாடகர் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வருவார், ஒரு சொல்லை நீட்டுவார், மெட்டையே வளைப்பார். இருபது வயலின்காரர் ஆளுக்கொரு விதமாக அப்படிச் செய்தால் இரைச்சல்தான் மிஞ்சும். பின் இரண்டும் எப்படி இணைகின்றன?

முதலாவது, வாத்தியங்களுக்கு இசையைப் பகிர்ந்தெழுதுபவரின் கெட்டித்தனம். குரல் உலாவ வேண்டிய இடத்தில் வயலின்களுக்கு நீண்ட சுரங்களையே கொடுப்பார். சில இடங்களில் மௌனத்தையும் எழுதிவைப்பார். இரண்டாவது, பாடகியின் சொந்தத் துணைவர் மூவர். பியானோ, டபிள் பேஸ், டிரம்ஸ் வாசிக்கும் இவர்கள் அந்தப் பெருங்குழுவின் நடுவே தாளத்தைக் காப்பார்கள். மூன்றாவது, நெறியாளரின் காது. பாடகி நீட்டினால் அவரது கையும் காத்திருக்கும். இவற்றோடு ஒலிவாங்கியையும் சேர்க்க வேண்டும். ஓபரா பாடகர் தொண்டையின் வலுவால் அரங்கை நிறைப்பார். ஜாஸ் பாடகியின் முணுமுணுப்போ ஒலிவாங்கியின் தயவால் கடைசி வரிசைக்கும் எட்டும்.

கேர்ஷ்வின் இந்த இணைப்புக்கு வாய்ப்பானவர். ஜாஸின் சாயலைக் கச்சேரி மண்டபத்துக்குக் கொண்டுசென்ற அவரது 'ரப்சொடி இன் புளூ' 1924இல் அரங்கேறியது. 1935இல் வந்த 'போர்கி அண்ட் பெஸ்' ஓபராவிலே தாலாட்டாக அமைந்த 'சமர்டைம்' பாடலை எத்தனையோ ஜாஸ் பாடகர் தத்தம் வழியிற் பாடினர். சாரா வோனின் அந்த ஒலிப்பதிவு 1983இல் கிராமி விருது பெற்றது.

இலக்கியத் தொடரில் இந்த இசைக்கதை எதற்கு என்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் தான் எழுதிய வெண்பாவை என்னிடம் காட்டினான். தளை தட்டிய இடங்களையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தேன். பிறகு அவன் எதையும் கொண்டுவரவில்லை. தளை தட்டியது மெய்தான். ஆனால் அந்தப் பையன் என்ன சொல்ல வந்தான் என்பதை நான் வாசிக்கவே இல்லை.

இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அத்தனை பேரும் பிசகாமல் வாசித்ததாலேதான் அந்த அம்மையார் பிந்தி வந்தது அழகாயிற்று. ஆனால் நெறியாளர் முதலில் குரலைக் கேட்டார். பிறகே கையை அசைத்தார். நான் கையை மட்டும் அசைத்தேன்.