சரளமாக வாசிக்கிறாள், ஆனால் புரியவில்லை: நடுநிலை வகுப்புகளின் சிக்கல்

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை எழுப்பித் தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அரைப் பக்கத்தைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்துவிடுவாள். “சரிம்மா, இதுல என்ன சொல்லியிருக்கு?” என்று கேளுங்கள். பல வகுப்புகளில் அந்தப் பிள்ளை மறுபடி முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கும். கேள்விக்கு அதுதான் பதில் என்று அது நம்புகிறது.

தமிழில் இது நடப்பது எளிது. எழுத்து தெரிந்தால் ஒலி பெரும்பாலும் தானாக வந்துவிடும். ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளை புதுச் சொல்லில் இடறும்போது ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. தமிழ் வாசிக்கிற பிள்ளை பொருள் தெரியாத சொல்லையும் அழகாக உச்சரித்துக் கடந்துவிடும். குறை ஆறாம் வகுப்புவரை மறைந்தே இருக்கும். நாடு முழுவதும் பேசப்படும் ‘அசர்’ ஆய்வின் வாசிப்புச் சோதனையில்கூட உச்சப்படி என்பது இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள ஒரு சிறு கதைதான். அதை வாசித்த பிள்ளை ஏழாம் வகுப்புப் பாடத்தைப் புரிந்துகொள்ளும் என்பதற்கு அந்தச் சோதனை உத்தரவாதம் தருவதில்லை.

வாசிப்பு ஆய்வாளர்கள் கஃப், டன்மர் இருவரும் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசிப்பு. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். நம் தொடக்க வகுப்புகள் பெரும்பாலும் முதல் எண்ணோடு மல்லுக்கட்டுகின்றன. அதுவும் தேவைதான். இரண்டாவது எண்ணை வளர்க்க வேண்டிய இடம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள். அங்கேதான் பாடம் வேகமெடுக்கிறது, செய்யுள் கடினமாகிறது, பிள்ளைக்குத் துணை குறைகிறது.

அந்த இரண்டாவது எண்ணுக்குள் என்ன இருக்கிறது? அமெரிக்காவில் டானா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டத்தின் ஒரு பகுதியை விவரிக்கும் உரையைக் கொடுத்தார்கள். வாசித்ததை மாதிரி மைதானத்தில் மரப்பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும்; பிறகு சொந்தச் சொற்களில் சொல்ல வேண்டும். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத ‘நல்ல வாசகர்களை’விட மேலாகச் செய்தார்கள். வாசிப்புத் திறன் தலைக்குள் தனியாக நிற்கிற ஒரு பொருள் அல்ல, எதைப் பற்றி வாசிக்கிறோமோ அதைப் பற்றி முன்பே தெரிந்திருப்பது அதில் பெரும்பங்கு என்பதே இதன் பொருள்.

இதை நம் புத்தகத்தில் பொருத்திப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஏழாம் வகுப்புத் தமிழ் நூலின் இரண்டாம் பருவம் கடலில் தொடங்குகிறது. முதலில் பெரும்பாணாற்றுப்படையிலிருந்து கலங்கரை விளக்கம் பற்றிய வரிகள். அடுத்து மருதன் இளநாகனாரின் அகநானூற்றுப் பாடலில் கப்பல். அதன் பிறகுதான் ‘தமிழரின் கப்பற்கலை’ என்ற உரைநடை. கடைசியில் ஜூல்ஸ் வெர்னின் ஆழ்கடல் கதை. நல்ல தொகுப்பு, தொகுத்தவர்களுக்கு நன்றி சொல்லலாம். கற்பிக்கும் வரிசையில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

வகுப்பில் பெரும்பாலும் நடப்பது இது. ஆசிரியர் செய்யுளை வாசிக்கிறார். வங்கூழ் என்றால் காற்று, நீகான் என்றால் நாவாய் ஓட்டுபவன் என்று ‘சொல்லும் பொருளும்’ பகுதியைச் சொல்கிறார். ‘பாடலின் பொருள்’ பத்தி வாசிக்கப்படுகிறது. வினா விடை கரும்பலகையில் ஏறி நோட்டில் இறங்குகிறது. இதில் பிள்ளை எந்த இடத்தில் பாடலை வாசித்தது? வேலை முழுவதையும் ஆசிரியரும் கைடும் செய்து முடித்துவிட்டார்கள். பாடத்திட்டம் துரத்துகிறது, பீரியட் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனாலும் வரிசையை மாற்றக் கூடுதல் பீரியட் வேண்டாம்.

உரைநடையை முதலில் எடுத்தால் போதும். பாய்மரம், நங்கூரம், சுக்கான், காற்றின் திசை, இரவில் கரையைக் கண்டுபிடிப்பது ஆகியவை தெரிந்த பிறகு சங்கப் பாடலுக்கு வந்தால், அதில் புதிதாக இருப்பது சொல் மட்டுமே, செய்தி பழகியது. நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை வாசிப்பில் கடைசி பெஞ்சாக இருக்கலாம். படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம் என்பது அதற்கு வீட்டுப் பேச்சு. அன்றைக்கு வகுப்புக்கு விளக்க அந்தப் பிள்ளையை எழுப்ப வேண்டும். தருமபுரியில் கடல் பார்க்காத வகுப்புக்கு ஒரு படமும் பத்து நிமிடப் பேச்சும் தேவைப்படும்.

இன்னொன்று புணர்ச்சி. சங்கப் பாடலில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். எங்கே வெட்டுவது என்று தெரியாத பிள்ளைக்கு அகராதியும் உதவாது. ‘பிரித்து எழுதுக’ என்பது இதற்கான கருவி. நாமோ அதை ஒரு மதிப்பெண் வினாவாகப் பாட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டோம். பாடலைச் சேர்ந்தபடி ஒருமுறை, பிரித்தபடி ஒருமுறை கரும்பலகையில் எழுதி, இரண்டையும் உரக்க வாசித்தால் பாதி இருள் விலகும். செய்யுளை நன்றாக வாசிக்கிற தமிழய்யா வாய்த்தவர்களுக்கு இது தெரியும்; அவர் நிறுத்துகிற இடத்திலேயே பொருள் பிரிந்துவிடும்.

ஒலி சரியாக வந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களை வைத்தே பலின்சார், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். சிறு குழுவாக ஒரு பத்தியை வாசிப்பது, சுருக்கிச் சொல்வது, அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பது, குழப்பமான இடத்தைத் தெளிவாக்குவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்துகாட்டுகிறார், பிறகு மாணவர்கள் முறைவைத்து ஆசிரியர் இடத்துக்கு வருகிறார்கள். பயிற்சி பெற்றவர்களின் புரிதல் கணிசமாக உயர்ந்தது. நாற்பது பேர் வகுப்பில் ஒவ்வொருவரையும் கவனிப்பது கடினம். நான்கு பேராக உட்காரவைத்து, வாரத்துக்கு ஒரு உரைநடைப் பத்தியில் தொடங்கலாம்.

இலக்கியத்துக்கு மேலும் ஒன்று தேவை: விடை கைடில் இல்லாத கேள்வி. ஆறாம் வகுப்பில் எஸ். ராமகிருஷ்ணனின் ‘பாதம்’ கதை இருக்கிறது; எல்லார் காலுக்கும் பொருந்தும் ஒரு காலணி பற்றியது. “இதெல்லாம் நடக்காது சார்” என்று ஒரு பையன் சொன்னால் அதட்டி உட்காரவைப்பது நஷ்டம். எந்த வரியில் நம்பிக்கை போனது என்று கேட்டால், அவன் புத்தகத்தைத் திறந்து தேடித்தான் ஆக வேண்டும்.

பாடநூலுக்கு வெளியே வாசிக்கப் புத்தகங்கள் இல்லாமலும் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023-இல் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளில் சிறு கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. மாணவர்களுக்கான ‘தேன்சிட்டு’ இதழும் வருகிறது. அவை பீரோவுக்குள் பூட்டியிருந்தால் பயனில்லை. புத்தகம் கிழிந்தால் யார் பொறுப்பு என்ற பயம் தலைமையாசிரியர்களுக்கு இருக்கிறது. கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் கேட்க மாட்டோம் என்று மேலே இருப்பவர்கள் எழுத்தில் கொடுத்தால் பல பீரோக்கள் திறக்கும்.

வினாத்தாளும் மாற வேண்டும். படிக்காத உரைப்பத்தியைக் கொடுத்து வினா கேட்பது இப்போதே உண்டு; ஆனால் கேள்வியிலுள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அந்த வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அதில் ஒரு கேள்வியையாவது பத்தியின் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் விடை வரும்படி அமைக்கலாம். அப்படி ஒரு கேள்வி பருவத்தேர்வில் தொடர்ந்து வந்தால், அடுத்த ஆண்டு அதற்கான பயிற்சி வகுப்பறையில் தானாகத் தொடங்கிவிடும்.