ஆட்டம் காணும் எஞ்சின்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் முதலில் உயிர்விடுவது இரும்பு அல்ல, ரப்பர். அதை மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் அந்த ரப்பருக்குப் பின்னால் நிக்கோபார் தீவு வரை நீளும் ஒரு கதை இருக்கிறது.

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. கிளட்சை விட்டதும் காருக்கு அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கியர் லீவர் தானாகத் தலையாட்டுகிறது. வளைவில் திருப்பினால் முன்சக்கரம் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பேச்சைக் கேட்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிகுறிகள் அத்துப்படி. பெரும்பாலோர் உடனே கார்புரேட்டரை டியூன் செய்வார்கள், பிளக் மாற்றுவார்கள், சக்கரங்களை பேலன்ஸ் பார்ப்பார்கள். பணம் போகும், நடுக்கம் போகாது. ஏனெனில் கோளாறு எஞ்சினில் இல்லை. எஞ்சினுக்கும் சேஸிக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் கையகல ரப்பர்த் துண்டுகளில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயம் அந்நியமானதல்ல. 1959-ல் பிரிட்டனில் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டு கார், 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் தயாரிப்பாக 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. எஞ்சின் 948 சிசி. அதே ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை வைத்து 1962-ல் ட்ரையம்ப் கொண்டுவந்ததுதான் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. ஆக, சென்னைக் குடும்பங்கள் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஓட்டிப் போன ஹெரால்டு, பிரிட்டனின் பிரபல ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு உடன்பிறப்பு. சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஃபியட்டுகளோடு ஹெரால்டுகளும் சீறியதில் ஆச்சரியமில்லை.

ஸ்டாண்டர்டு தொழிற்சாலை 1980-களின் இறுதியில் மூடப்பட்டது. ஸ்பிட்ஃபயர் உற்பத்தி 1980-லேயே நின்றது. கார்கள் மட்டும் பிழைத்திருக்கின்றன. அவற்றின் இரும்பை வெல்டிங் வைத்துக் காப்பாற்றலாம். ரப்பரை வெல்டிங் வைக்க முடியாது.

ரப்பரின் வேலை என்ன? நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலில் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றும்போது நொடிக்கு 25 முறை உள்ளே வெடிப்பு நிகழ்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் எஞ்சினை ஒரு பக்கமாக முறுக்கப் பார்க்கும். அதை நேராக சேஸியில் போல்ட் போட்டு இறுக்கினால் அந்த அதிர்ச்சி முழுவதும் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புக்குப் போகும். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் அதுதான் நடந்தது. 1931-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் எஞ்சினை ரப்பர் மீது மிதக்கவிட்டு, அதற்கு 'மிதக்கும் சக்தி' என்ற பொருளில் பெயரும் வைத்து விளம்பரம் செய்தது. பிரான்சின் சிட்ரோயன் அந்த உரிமையை வாங்கி, மிதக்கும் அன்னத்தைச் சின்னமாகப் போட்டுக்கொண்டது. அதன்பிறகு ரப்பர் இல்லாமல் கார் இல்லை.

எஞ்சின் மவுண்டிங் என்பது இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே உருக்கி ஒட்டப்பட்ட ரப்பர்க் கட்டி. புஷ் என்பது உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒன்று, நடுவில் ரப்பர். முன்சக்கரத்தின் ஆர்ம்கள் மேலும் கீழும் அசையும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு வழிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். எண்ணெய் வேண்டாம், கிரீஸ் வேண்டாம், சத்தமும் இல்லை. இந்த வேலைக்கு இயற்கை ரப்பருக்கு இணை இன்றும் அரிது. லட்சக்கணக்கான முறை வளைந்தாலும் களைக்காது, எளிதில் கிழியாது, அதிர்வை விழுங்கும்போது அதிகம் சூடாகாது.

ஆனால் அதற்கும் எதிரிகள் உண்டு. முதல் எதிரி எண்ணெய். வால்வு கவரிலிருந்து கசியும் ஆயில், கீழே இருக்கும் மவுண்டிங் மீது சொட்டினால் ரப்பர் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். இரண்டாவது சைலன்சர் குழாயின் சூடு. மூன்றாவது காற்றில் இருக்கும் ஓசோன். இழுபட்டு நிற்கும் ரப்பரில் அது மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். நான்காவது துரு. இரும்பும் ரப்பரும் ஒட்டியிருக்கும் விளிம்பில் துரு ஏறினால் ஒட்டு விட்டுப்போகும்.

இந்த நான்காவது எதிரி கோலோச்சும் இடம் அந்தமான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, சென்னையைப் போல் இரு மடங்கு. எங்கே நின்றாலும் கடல் அதிக தூரமில்லை. உப்புக் காற்று சேஸியைத் தின்பது கண்ணுக்குத் தெரியும், புஷ்ஷின் உட்குழாயைத் தின்பது தெரியாது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை 300 கி.மீ.க்கு மேல் நீளும் நெடுஞ்சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் இது பொருந்தும். உதிரி பாகம் வேண்டுமானால் பெரும்பாலும் சென்னையிலிருந்து வர வேண்டும். கடல் வழி சுமார் 1,200 கி.மீ., கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள். ஆகவே தீவில் வண்டி வைத்திருப்பவர் ரப்பர் அறுந்த பிறகு தேடுவதைவிட, அறும் முன்பே கண்டுபிடிப்பது புத்திசாலித்தனம்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் பானட், மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக மொத்தமாகத் திறந்துகொள்ளும். மெக்கானிக் டயர் மீது உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பார்க்கலாம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஒருவர் மெதுவாக கிளட்சை விட, மற்றவர் பக்கவாட்டில் நின்று எஞ்சினைக் கவனிக்க வேண்டும். காருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் லேசாக அசைந்தால் சரி. ஒரு பக்கம் எகிறினால் அந்தப் பக்கத்து மவுண்டிங் பிரிந்துவிட்டது. புஷ்ஷுக்கு சோதனை கடப்பாரை. ஆர்முக்கும் சேஸிக்கும் நடுவே கொடுத்து நெம்பினால் இரும்போடு இரும்பு இடிக்கக் கூடாது.

அலட்சியத்துக்கு விலை உண்டு. எஞ்சின் தொய்ந்தால் ஃபேன் ரேடியேட்டரை உரசும். சைலன்சர் குழாய் விரிசல் விடும். முன் புஷ் தேய்ந்தால் டயர் ஒரு பக்கமாகக் கரையும், பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். பின்புற லீஃப் ஸ்பிரிங்கின் கண்ணில் இருக்கும் புஷ் போனால், ஏற்கெனவே வேகமான வளைவில் பின்சக்கரத்தை மடக்கிக்கொள்ளும் சுபாவமுள்ள இந்த மாடல்கள் இன்னும் நம்பகமற்றவை ஆகிவிடும்.

மாற்றும் வேலைக்குப் பொறுமைதான் முக்கியக் கருவி. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். ஆயில் சம்ப்புக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கால் எஞ்சினின் எடையை மட்டும் தாங்கிக்கொள்ள வேண்டும். பலகை இல்லாமல் தூக்கினால் சம்ப் நசுங்கும். கார் நிற்பது ஸ்டாண்டுகளின் மீதாக இருக்க வேண்டும். ஜாக்கை நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. எஞ்சினை உயர்த்தும்போது ரேடியேட்டர் ஹோஸ், ஆக்சிலரேட்டர் இணைப்பு, சைலன்சர் குழாய் ஆகியவை இழுபடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கம்தான் கெட்டிருக்கிறது என்றாலும் இரண்டு பக்கமும் மாற்றுவதே முறை. புதியது ஒரு பக்கம், தொய்ந்தது மறுபக்கம் என்றால் எஞ்சின் சாய்ந்தே உட்காரும். கியர்பாக்ஸுக்குக் கீழிருக்கும் ரப்பரையும் அதே நாளில் மாற்றிவிட்டால் இரண்டாம் முறை அடியில் படுக்க வேண்டியதில்லை. எல்லா போல்ட்டுகளையும் முதலில் தளர்வாகக் கோத்து, எஞ்சினை அதன் எடையில் உட்காரவிட்டு, பிறகுதான் இறுக்க வேண்டும். எண்ணெய்க் கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது.

புஷ் விஷயத்தில் தவறு நேர்வது கடைசி ஐந்து நிமிடத்தில். பழையதை பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, அல்லது ஹாக்ஸா பிளேடால் வெளிக்குழாயை அறுத்து எடுப்பார்கள். சிலர் தீ வைத்து எரிப்பதும் உண்டு. அந்தப் புகை நல்லதல்ல, ஆர்முக்கும் ஆகாது. புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றலாம், கிரீஸ் கூடாது. இதுவரை எல்லோரும் சரியாகச் செய்வார்கள். பிறகு கார் அந்தரத்தில், சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முறுக்கி இறுக்கிவிடுவார்கள். அங்கேதான் புது புஷ்ஷின் ஆயுள் குறைகிறது. ஒட்டப்பட்ட ரப்பர் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு குழியிலும் அது கிழியத் தொடங்கும். காரை இறக்கி, சக்கரங்கள் எடையைத் தாங்கி, இரண்டு முறை அழுத்தி ஆட்டிவிட்ட பிறகே கடைசி இறுக்கம். அதன்பின் வீல் அலைன்மென்ட்.

ட்ரையம்ப் குடும்பத்துக்கு இன்னோர் எச்சரிக்கை. முன்சக்கரத்தின் கீழ்முனையில் ஒரு பித்தளை ட்ரனியன் இருக்கிறது. அதற்குள் கிரீஸ் அல்ல, கனமான கியர் ஆயில்தான் போக வேண்டும். உலர்ந்து துருவேறினால் அதில் திருகியிருக்கும் இரும்புத் தண்டு ஒடிந்து சக்கரமே மடங்கும். புஷ் மாற்றப் பிரித்த கையோடு இதையும் பார்த்துவிடுவது நல்லது.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போடலாமா என்பது பழைய கார்க்காரர்களின் தீராத பட்டிமன்றம். அது எண்ணெய்க்கும் ஓசோனுக்கும் அஞ்சாது. ஸ்டீயரிங் கூர்மையாகும். பந்தயக் காருக்குப் பொருத்தம். ஆனால் இறுக்கம் அதிகம். எஞ்சினுக்கு அடியில் போட்டால் 1931-க்கு முந்தைய நடுக்கம் திரும்பிவரும். சாலையில் ஓட்டும் காருக்கு எஞ்சின் மவுண்டிங் ரப்பரிலும், ஆன்டி ரோல் பார் போன்ற இடங்களில் பாலியூரித்தேனும் என்பது பலர் ஏற்கும் சமரசம்.

வாங்குவதிலும் கவனம் வேண்டும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் 'பழைய ஸ்டாக்' கிடைக்கலாம். உறை பிரிக்காத பெட்டி என்பதில் மயங்கக் கூடாது. ரப்பர் அலமாரியிலும் கிழடு தட்டும். நகத்தால் அழுத்தினால் அமுங்கி எழ வேண்டும். மடக்கினால் வெடிப்பு தெரியக் கூடாது. கிடைக்காதவற்றைப் பழைய மாதிரியைக் கொடுத்து அச்சு செய்து வார்த்துக்கொள்ளலாம். அப்போது ரப்பரின் கடினத்தையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ரப்பர் எங்கிருந்து வருகிறது? 1876-ல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. அங்கே தேயிலையோடு ரப்பரும் வளர்ந்தது. வளர்த்த கைகளில் ஏராளமானவை தமிழ்க் கைகள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. பிறந்த மண்ணைவிட்டு வந்தவர்களுக்குத் தெரிந்த தொழில் தோட்ட வேலை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அவர்களுக்காகவே வளர்ந்த தோட்டங்களை 1984-ல் உருவான அரசு ரப்பர் கழகம் நடத்துகிறது. சிலரைக் கப்பல் இன்னும் தூரம் கொண்டுபோனது. நிக்கோபாரில் இருக்கும் கச்சால் தீவில் மத்திய அரசு 1960-களில் தொடங்கிய ரப்பர் திட்டத்தில், தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. வெளியார் அனுமதியின்றிக் கால்வைக்க முடியாத பழங்குடித் தீவில், விடியும் முன் எழுந்து மரப்பட்டையைக் கீறிச் சிரட்டையில் பால் பிடித்தார்கள்.

2004 டிசம்பர் 26-ன் சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் ஒன்று கச்சால். நிக்கோபாரிகளும் குடியேறியவர்களும் உயிர்களை இழந்தனர். தோட்டத்தைப் பொறுப்பேற்றிருந்த அந்தமான் நிக்கோபார் வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகமோ, 2002-ல் உச்சநீதிமன்றம் மரம் வெட்டக் கட்டுப்பாடு விதித்தபின் வருமானமின்றித் தள்ளாடியது. அதை மூடிவிட 2017-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இரண்டு முறை வேரோடு பிடுங்கி நடப்பட்ட குடும்பங்களுக்கு மூன்றாவது முறையும் மண் ஆட்டம் கண்டது.

புகைபோட்டு உலர்த்திய ரப்பர் ஷீட்டில் தீவின் பெயர் இருக்காது. சந்தைக்கு வந்தபின் எல்லாம் கலந்துவிடும். பெரும்பகுதி டயருக்குப் போகும், மிச்சத்தில் ஒரு துளி புஷ்ஷாகும். பழைய காரின் சொந்தக்காரர் புது மவுண்டிங்கை மாட்டி எஞ்சினை ஸ்டார்ட் செய்கிறார். கியர் லீவர் அசையாமல் நிற்கிறது, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் நம்பர் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த பத்தாண்டுக்கு அந்த ரப்பரைப் பற்றி யாரும் நினைக்கப் போவதில்லை. நன்றாக வேலை செய்யும் ரப்பருக்கும், அதைத் தரும் கைகளுக்கும் கிடைக்கும் மரியாதை பெரும்பாலும் அவ்வளவுதான்.