முன்வாசலுக்குப் பூட்டு, கொல்லைக் கதவு திறந்தே கிடக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுல பாஸ்வேர்டு பத்திப் பேசினதுக்கு நிறைய மெயில் வந்திருந்தது. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு கஷ்டமான பாஸ்வேர்டு வச்சா யாராலயும் உடைக்க முடியாது?" இன்னைக்கு நான் பேசப்போறது அதுக்கு நேர் பதில் இல்ல. ஏன்னா நம்மள மாதிரி வீட்டுல கம்ப்யூட்டரும் போனும் வச்சிருக்கிற ஆளோட அக்கவுண்ட் பறிபோறப்போ, பல நேரம் பாஸ்வேர்டை யாரும் உடைக்கிறதே இல்ல. "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?"ன்னு கீழே சின்னதா ஒரு லிங்க் இருக்கே, அது வழியா வர்றாங்க. முன்வாசலுக்கு நவ்தால் பூட்டு போட்டுட்டு, கொல்லைப்பக்கம் கொக்கிகூட மாட்டாம தூங்குற கதை.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் 2012 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல நடந்தது. மேட் ஹோனன், வயர்டு பத்திரிகையின் செய்தியாளர். டெக்னாலஜி பத்தியே எழுதிச் சம்பாதிக்கிறவர். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள்ள அவரோட கூகுள் அக்கவுண்ட் அழிக்கப்பட்டது, ட்விட்டர் பறிபோனது, ஐபோன், ஐபேட், மேக்புக் மூணும் தூரத்துல இருந்தே சுத்தமா துடைக்கப்பட்டன. அவரோட குழந்தையின் முதல் வருஷ போட்டோ எல்லாம் அந்த லேப்டாப்புல இருந்தது. வேற எங்கயும் காப்பி இல்ல.

எப்படி நடந்ததுன்னு அவரே விரிவா எழுதியிருக்கார். முதல்ல ஜிமெயில்ல அவர் முகவரியைப் போட்டு, பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு அழுத்தினாங்க. மாற்று மெயில் முகவரியோட சில எழுத்து மட்டும் திரையில தெரிஞ்சது. அது ஆப்பிள் மெயில்னு புரிஞ்சிருச்சு. ஆப்பிள் கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணா அன்னைக்கு ரெண்டே விஷயம்தான் கேப்பாங்க: வீட்டு முகவரி, கிரெடிட் கார்டோட கடைசி 4 எண். முகவரி இணையத்துல ஈஸியா கிடைச்சது. அந்த 4 எண்ணுக்காக அமேசானுக்குப் போன் பண்ணாங்க. "என் அக்கவுண்ட்ல ஒரு புது கார்டு சேர்க்கணும்"னு சொல்லி ஒரு கார்டைச் சேர்த்தாங்க. மறுபடி போன் பண்ணி, "உள்ள போக முடியல"ன்னு சொல்லி, இப்போ தாங்களே சேர்த்த அந்தக் கார்டு எண்ணையே அடையாளமா காட்டி, புது மெயில் முகவரி ஒண்ணைச் சேர்த்தாங்க. அந்த மெயிலுக்கு பாஸ்வேர்டு ரீசெட் வந்தது. உள்ள போனா, அவரோட நிஜ கார்டின் கடைசி 4 எண் திரையில இருக்கு. அங்கிருந்து ஆப்பிள், ஆப்பிள்ல இருந்து ஜிமெயில், ஜிமெயில்ல இருந்து ட்விட்டர். போனையும் லேப்டாப்பையும் அழிச்சது அவர் உடனே திரும்பி உள்ள வந்துடக் கூடாதுன்னுதான். இவ்வளவும் எதுக்கு? அவரோட மூணெழுத்து ட்விட்டர் பேருக்காக!

கவனிச்சீங்களா, இதுல யாரும் பாஸ்வேர்டை யூகிக்கக்கூட முயற்சி பண்ணல. அந்த ரெண்டு கம்பெனியும் போன்ல மாத்திக் கொடுக்கிற அந்த வழக்கத்தை அதுக்கப்புறம் நிறுத்திட்டாங்க. ஹோனன் டேட்டா மீட்கிற கம்பெனிக்குக் காசு கொடுத்து போட்டோவுல நிறைய திரும்ப வாங்கினார். ஆனா அந்தச் சங்கிலி, அதாவது ஒரு கதவு இன்னொரு கதவைத் திறக்கிற அமைப்பு, அது அப்படியேதான் இருக்கு. நம்ம ஊர்ல அந்தக் கார்டு எண்ணோட இடத்துல உட்கார்ந்திருக்கிறது மொபைல் நம்பர்.

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். உங்க மெயில் ஐடிதான் எல்லாச் சாவியும் மாட்டியிருக்கிற ஆணி. இன்ஸ்டாகிராம், ஷாப்பிங், வேலைக்கு அப்ளை பண்ண சைட், போட்டோ பேக்கப், எதோட பாஸ்வேர்டு மறந்தாலும் ரீசெட் லிங்க் வர்றது அங்கதான். அதனால மற்ற எதுக்கு சோம்பேறித்தனப்பட்டாலும் இந்த ஒண்ணுக்கு மட்டும் வேற எங்கயும் பயன்படுத்தாத, நீளமான பாஸ்வேர்டு வையுங்க. சம்பந்தமே இல்லாத நாலஞ்சு தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்துல கோத்து எழுதினாப் போதும். சினிமாப் பாட்டு வரி வேணாம், அதெல்லாம் ஊருக்கே தெரியும். மூணு மாசத்துக்கு ஒருதடவை மாத்தணும், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ஆச்சரியக்குறி எல்லாம் இருக்கணும்ங்கிற பழைய விதிகளை அமெரிக்காவோட நிஸ்ட் அமைப்பே 2017ல கைவிட்டுருச்சு. நீளம்தான் முக்கியம். இது அவ்வளவுதான், இனி கொல்லைப்பக்கம் போவோம்.

இப்பவே போனைக் கையில எடுத்து, மெயில் அக்கவுண்டோட செக்யூரிட்டி பக்கத்துக்குப் போங்க. ரெக்கவரி போன், ரெக்கவரி மெயில்னு ரெண்டு இருக்கும். பலருக்கு அங்க ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். காலேஜ் ஹாஸ்டல்ல வச்சிருந்த நம்பர், அப்பாவோட பழைய நம்பர், இல்லன்னா பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து ஆரம்பிச்ச யாகூ ஐடி.

பழைய நம்பர் ஏன் ஆபத்து? இந்தியாவுல நீங்க விட்டுட்ட நம்பர் செத்துப்போறதில்ல. கனெக்‌ஷன் துண்டிச்சு 90 நாள் வரைக்கும் வேற யாருக்கும் தரக்கூடாது, அதுக்கப்புறம் தரலாம். புதுசா வாங்கினவர் திருடனா இருக்கணும்னு அவசியமே இல்ல. ஆனா உங்க ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். யாகூவும் 2013ல ஒரு வருஷத்துக்கு மேல தொடாம கிடந்த ஐடிகளை வேற ஆட்களுக்குக் கொடுக்கப்போறதா அறிவிச்சுது. கூகுள் ரெண்டு வருஷமா திறக்காத தனிநபர் அக்கவுண்டை அழிக்கலாம்னு விதி வச்சிருக்கு. ஆக, "எப்பவாவது உதவும்"னு வச்சிருக்கிற பழைய ஐடி ஒண்ணு உங்களுக்கு உதவாது, இல்லன்னா வேற யாருக்கோ உதவும்.

இன்னொண்ணு, சொல்லக் கொஞ்சம் சங்கடமான விஷயம். ரெக்கவரி மெயிலா பழைய காதலன், பழைய காதலி ஐடி இருக்கிறது நிறைய நடக்குது. லவ் பண்ணும்போது அவங்கதான் உட்கார்ந்து செட் பண்ணிக் கொடுத்திருப்பாங்க. பிரிஞ்சப்போ போட்டோவை அழிச்சிருப்போம், இது ஞாபகத்துலயே இருக்காது. அதே பக்கத்துல "உங்கள் சாதனங்கள்"னு ஒரு பட்டியல் இருக்கும். பழைய ரூம்மேட் லேப்டாப், ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்த மெஷின், எது இருந்தாலும் சைன்அவுட் பண்ணுங்க. யாரையும் சந்தேகப்படச் சொல்லல. வீடு காலி பண்ணிப் போனவங்ககிட்ட சாவியை வாங்கிக்கிற மாதிரிதான் இது.

அப்புறம் ரகசியக் கேள்விகள். "உங்கள் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர் என்ன?" நம்மள்ல பாதிப் பேருக்குக் குடும்பப்பெயரே கிடையாது, இனிஷியல்தான்! அந்தக் கேள்வி நமக்காக எழுதினதே இல்ல. 2008ல அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினோட யாகூ மெயிலுக்குள்ள ஒரு காலேஜ் பையன் போனது இப்படித்தான். பிறந்த தேதி, பின்கோடு, கணவரை எங்க சந்திச்சாங்க, எல்லாமே செய்திகள்ல வந்ததுதான். நம்ம படிச்ச ஸ்கூல், பிறந்த ஊர், நாய்க்குட்டி பேர் எல்லாத்தையும் நாமளே இன்ஸ்டாவுல போட்டு வச்சிருக்கோம். இன்னும் அந்தக் கேள்வியைக் கேக்கிற சைட்டுல பொய் சொல்லுங்க. முதல் ஸ்கூல் எதுன்னா "முருங்கைக்காய் சாம்பார்"னு போடுங்க. சொன்ன பொய்யை எங்கயாவது குறிச்சு வச்சிக்கணும், அதான் ஒரே நிபந்தனை.

இப்போ முக்கியமான பரீட்சை. தாம்பரத்துல இருந்து பீச் போற டிரெயின்ல, கிண்டி கூட்டத்துல உங்க போன் போயிருச்சுன்னு வச்சுக்கோங்க. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறக்கிறீங்க. மெயில் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கு. ஆனா ரெண்டாவது ஸ்டெப்புக்கு ஓடிபி கேக்குது. ஓடிபி வர்ற சிம், ஆதென்டிகேட்டர் ஆப், ரெண்டும் தொலைஞ்ச போன்ல. திருடனைத் தடுக்க வச்ச பூட்டு இப்போ உங்களையே வெளிய நிறுத்தியிருக்கு. டூ-ஸ்டெப்பே வேணாம்னு முடிவு பண்ணிடாதீங்க. அது இருந்திருந்தா இது நடந்திருக்காதுன்னு ஹோனனே எழுதியிருக்கார். செய்ய வேண்டியது, பேக்கப் கோடு எடுத்து வைக்கிறது. கூகுள்ல 10 கோடு தருவாங்க, ஒவ்வொண்ணும் 8 இலக்கம், ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் செல்லும். மைக்ரோசாஃப்ட்ல 25 எழுத்துள்ள ஒரே ரெக்கவரி கோடு. ஒரு பேப்பர்ல எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கிற பீரோவுல வையுங்க. "பாஸ்வேர்டை எழுதி வைக்காதே"ன்னு நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது ஆபீஸ் மானிட்டர்ல ஸ்டிக்கர் ஒட்டுறவங்களுக்காக. எங்கயோ உட்கார்ந்திருக்கிற ஆளால உங்க அம்மா பீரோவைத் திறக்க முடியாது.

அதே தொலைஞ்ச போனைத் திருடன் பக்கத்துல இருந்து பாருங்க. போன் லாக் இருக்கு, கைரேகை இருக்கு. அவர் அதை உடைக்க மெனக்கெட மாட்டார். சிம்மைக் கழட்டி வேற போன்ல போடுவார், ஓடிபி எல்லாம் அங்க வரும். இதைத் தடுக்கிறது சிம் பின். ஆண்ட்ராய்டுல செக்யூரிட்டி செட்டிங்ஸ்லயும், ஐபோன்ல மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸ்லயும் இருக்கும். போனை ரீஸ்டார்ட் பண்ணும்போதும் சிம்மை மாத்தும்போதும் மட்டும்தான் கேக்கும். ஆனா முதல் தடவை போடும்போது சிம்முல ஏற்கெனவே இருக்கிற பின் என்னன்னு கஸ்டமர் கேர்ல கேட்டுக்கோங்க, குருட்டாம்போக்குல அடிக்காதீங்க. 3 தடவை தப்பானா பியுகே நம்பர் கேக்கும். அதையும் 10 தடவை தப்பாப் போட்டா சிம் அவ்வளவுதான், புதுசு வாங்கணும். கூடவே, லாக் ஸ்கிரீன்ல மெசேஜ் முழுசா தெரியுறதை நிறுத்திடுங்க. பூட்டின போன்லயே ஓடிபி பளிச்னு தெரிஞ்சா எல்லாம் வீண். வாட்ஸ்அப்புல டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்னு ஒரு 6 இலக்க பின் இருக்கு, அதையும் போடுங்க.

தொலைஞ்ச பிறகு என்ன வரிசைனு ஒருத்தர் கேட்டிருந்தார். என்னைக் கேட்டா, பக்கத்துல இருக்கிறவர் போனை வாங்கி முதல்ல சிம்மை பிளாக் பண்ணுங்க. அப்புறம் பேங்க், யுபிஐ. பிறகு மெயில்ல இருந்து அந்தப் போனை சைன்அவுட் பண்றது. போலீஸ்ல புகார் கொடுத்துட்டு, அந்த நகலோட மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்துல ஐஎம்இஐ எண்ணைத் தடை பண்ணலாம். பணம் போயிருந்தா ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடாம 1930க்கு அடிங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்றதுக்கு முன்னாடி நிறுத்தினாத்தான் திரும்பக் கிடைக்க வழி.

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறவங்க அம்மா, அப்பா போனையும் ஒரு அரை மணி நேரம் பாருங்க. பெரும்பாலும் அந்த மெயில் ஐடி போன் கடைப் பையன் ஆரம்பிச்சுக் கொடுத்ததா இருக்கும், பாஸ்வேர்டு அவங்களோட போன் நம்பராவே இருக்கும். உங்க நம்பரை ரெக்கவரியா போடுறது நல்லதுதான், ஆனா அதை மட்டும் போடாதீங்க. நீங்க ஃபிளைட்ல இருக்கும்போது அவங்களுக்கு ஓடிபி தேவைப்பட்டா? அவங்களுக்கும் ஒரு பேக்கப் கோடு பேப்பர் எழுதி, இது என்னன்னு சொல்லிக் கொடுத்துட்டு வாங்க. சொல்லாம வச்சா பழைய சீட்டுன்னு குப்பைக்குப் போயிரும்.

கடைசியா ஒரு கேள்வி. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு தோழி அனுப்பினது: "அந்த 10 கோடையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்புல எனக்கு நானே அனுப்பி வச்சுக்கலாமா?" வேணாம்மா. போன் தொலைஞ்சா அதுவும் சேர்ந்துதானே போகும். பிரிண்டர் இல்லன்னா பேனாவால எழுதுங்க. 5க்கும் 6க்கும் வித்தியாசம் தெரியுற மாதிரி.