ஹெப்படைட்டிஸ் சி: முடிவுத்தாளில் எந்த வரியைப் பார்ப்பது?

ஹெப்படைட்டிஸ் சி கல்லீரலைத் தாக்கும் கிருமி. இரத்தத்தின் வழியாகப் பரவும்; ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதால் பரவாது. இந்தக் கிருமி 1989ஆம் ஆண்டில்தான் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன்பு தான இரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அந்நாளில் இரத்தம் ஏற்றிக்கொண்ட மூத்தோர் சிலருக்குத் தெரியாமலே தொற்று இருக்கலாம். இங்கே பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டது 2015இல், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் 25 நோயாளிகளுக்குத் தொற்று ஏற்பட்டதாகச் செய்தி வந்தபோதுதான்.

முடிவுத்தாளில் முதலில் கண்ணில் படுவது ‘ஆன்டி எச்சிவி’. அதில் ‘பாசிட்டிவ்’ என்று இருந்தால், எப்போதோ ஒரு நாள் கிருமி உங்கள் உடலுக்குள் வந்திருக்கிறது என்று பொருள். இப்போதும் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. சிலருக்குக் கிருமி ஆறு மாதத்திற்குள் தானாகவே நீங்கிவிடும். சிகிச்சையில் முழுமையாகக் குணமானவர்களுக்கும் இந்த வரி பெரும்பாலும் ஆயுள் முழுவதும் ‘பாசிட்டிவ்’ என்றே வரும். நோய் திரும்பிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது ‘எச்சிவி ஆர்என்ஏ’. கிருமி இப்போது இரத்தத்தில் இருக்கிறதா என்பதைக் காட்டுவது இதுவே. ‘நாட் டிடெக்டட்’ என்றால் காணப்படவில்லை. எண் பல லட்சமாக இருந்தாலும் கல்லீரல் அந்த அளவுக்குக் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு.

‘ஏஎல்டி’ கல்லீரல் அணுக்கள் காயப்படும்போது உயரும். ஆனால் அது சரியான அளவில் இருக்கும்போதே கல்லீரலில் வடு வளர்ந்துகொண்டிருக்கலாம். அதனால்தான் மருத்துவர் ‘பிளேட்லெட்’, ‘அல்புமின்’ ஆகியவற்றையும் பார்க்கிறார். வடு முற்றும்போது இவை குறையும்.

காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். தேக்காவில் பொடியாகவும் வாங்கலாம். அதைச் சாப்பிட்ட பிறகு ஏஎல்டி இறங்கினால் நோய் போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அந்த எண் தானாகவே ஏறி இறங்கும். கிருமி போனதா என்பதை ஆர்என்ஏதான் சொல்லும்.

முன்பு ஊசி மருந்தின் பக்கவிளைவு தாங்காமல் சிகிச்சையைக் கைவிட்டவர்களா நீங்கள்? இப்போது மாத்திரைகள் வந்துவிட்டன. பெரும்பாலோருக்கு 8 முதல் 12 வாரம் போதும். நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்என்ஏ சோதனையில் கிருமி காணப்படாவிட்டால், குணமாகிவிட்டீர்கள். கல்லீரல் ஏற்கெனவே இறுகிப்போயிருந்தால், அதன் பிறகும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. புற்றுநோய் அபாயம் குறைந்தாலும் முற்றிலும் நீங்குவதில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பழைய முடிவுத்தாள்களையும், கொழுப்பு, இதய மருந்துகள் உட்பட நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், அந்தப் பொடியையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். “எனக்குக் கடைசியாக ஆர்என்ஏ எப்போது எடுத்தீர்கள்?” என்று கேளுங்கள்.