கரை எங்கே என்று வானம் சொல்லுமா?

கங்கா சாகர் நீராடப் போகும் நம்மவர்கள் எட்டாம் லாட் துறையில் படகேறி, முரிகங்காவைக் கடந்து கச்சுபேரியாவில் இறங்குவார்கள். அந்தப் படகுத் தடத்துக்கு வடக்கே கிடப்பது கோராமாரா. ஒருகாலத்தில் சாகர் தீவோடு ஒட்டியிருந்த மண். 1975-ல் சுமார் 8.5 சதுர கிலோமீட்டர் இருந்தது, 2012-ல் 4.4 சொச்சமாகிவிட்டது. இது யாரும் சங்கிலி பிடித்து அளந்ததல்ல. செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கு.

அளக்கும் முறை எளியதுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் தண்ணீர் விழுங்கிவிடும். மண்ணும் மரஞ்செடியும் திருப்பியனுப்பும். ஆகவே படத்தில் நீர் கறுப்பு, நிலம் வெளுப்பு. இரண்டும் சந்திக்கும் கோடே கரை. அமெரிக்காவின் லேண்ட்சாட் 1972 முதலும், நம் ஐ.ஆர்.எஸ். 1988 முதலும் இப்படிப் படமெடுத்து வந்திருக்கின்றன. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். என்னைப்போல் கல்லூரி வாசல் மிதிக்காத வியாபாரிகூடப் பார்க்கலாம்.

ஆனால் சும்மா இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. சாகர் பக்கம் பெரிய ஓதத்தில் நீர்மட்டம் ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். தட்டையான சேற்றுக்கரை வேறு. வற்றத்தில் எடுத்த பழைய படத்தையும் ஏற்றத்தில் எடுத்த புதிய படத்தையும் ஒப்பிட்டால், போகாத நிலமும் போனதாகத் தெரியும். ஒரு வருஷம் சரக்கு வந்திறங்கிய பிறகும், மறு வருஷம் இறங்குமுன்பும் இருப்பெடுத்தால் கடைக்கணக்கு என்னாகும்? அதேதான். ஒரே பருவம், ஒரே ஓதநிலை பார்த்தே படம் தேர வேண்டும்.

சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஆராய்ந்தது. தீவுகள் நீங்கலான நம் கடற்கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்குள்ளானது. மேற்கு வங்கத்தில் மட்டும் 60.5.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். அதே ஹுக்ளி முகத்தில் நயாசர் தீவு வளர்ந்திருப்பதையும் படங்கள் காட்டுகின்றன. வரவும் செலவும் நேராகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். கோராமாராவில் வயலைப் பறிகொடுத்தவனுக்கு நயாசரில் ஒரு பிடி மண் வரவாகாது. எவ்வளவு போயிற்று என்று படம் சொல்லும், யாருடையது என்று சொல்லாது. அதற்குப் பழைய மௌசா வரைபடத்தைப் படத்தின்மேல் பொருத்த வேண்டும். லேண்ட்சாட்டின் ஒரு புள்ளியே 30 மீட்டர்ச் சதுரம் என்பதால், 5.8 மீட்டர் நுணுக்கம் தரும் நம் ரிசோர்ஸ்சாட் படம் இதற்குத் தோது. எந்தத் தாக் எண், அதாவது நம்மூர் சர்வே எண், எந்த ஆண்டுவாக்கில் ஆற்றுக்குள் போயிற்று என்று அப்போது வரிசையாக எழுதிவிடலாம். நிவாரணப் பட்டியலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.