தொழிற்பயிற்சிப் பணமும் தோட்டத்து இளைஞரும்

நாட்டில் வேலையின்மை பெருகுங்காலத்து அரசாங்கத்தார் கூறும் முதற் பரிகாரம் தொழிற்பயிற்சியேயாம். நிலையங்கள் திறக்கப்படும், பணம் ஒதுக்கப்படும். அப்பணம் பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் இளைஞரை எவ்வழியாற் சென்றடையும், எவ்விடத்தில் தடைப்பட்டு நிற்கும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1971ஆம் ஆண்டில் இலங்கையில் இளைஞர் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டிலேயே சர்வதேசத் தொழில் தாபனம் டட்லி சீயர்ஸ் என்னும் பொருளியலறிஞர் தலைமையில் அனுப்பிய குழு, கற்ற இளைஞர் நாடும் தொழிலும் நாட்டிலுள்ள தொழிலும் பொருந்தாமையைச் சுட்டிக்காட்டிற்று. தேசிய பயிலுநர் சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது. இந்தியா 1961இலும் பிரித்தானியா 1964இலும் இத்தகைய சட்டங்களை இயற்றியிருந்தன. பிரித்தானியச் சட்டம் முதலாளிமாரிடம் தீர்வை அறவிட்டுப் பயிற்சிச் செலவுக்கு வழிசெய்தது. பின்னர் இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் தொழிற்பயிற்சி அதிகாரசபை அமைந்தது. 2014இல் உலக வங்கியும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் இத்துறைக்குக் கடன் வழங்கின.

எனினும் தோட்டப்புறம் இவ்வழியிற் பிந்தியே சேர்ந்தது. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களிலேதான் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. அப்பின்னடைவின் சுமையைப் பேரப்பிள்ளைகளும் சுமக்கின்றனர்.

கணக்கெடுப்பும் உண்மையை மறைத்தல் கூடும். கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரும் தொழிலுடையவர் என்றே எண்ணப்படுவர். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் நாட்டின் தேயிலை விளைவு குன்றிற்று. கொழுந்து குறைந்து வேலைநாள் சுருங்கினாலும், வாரத்தில் இரண்டு நாள் மலையேறியவர் வேலையற்றோர் பட்டியலில் இடம்பெறார். ஆகவே, வேலையின்மை வீதம் ஒன்றையே நோக்கிப் பணத்தைப் பங்கிடின், பசறைக்கும் நமுனுகுலைக்கும் லுணுகலைக்கும் உரிய பங்கு கிட்டாது.

இனி, கூலியிழப்பை நோக்குவோம். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. மாதம் இருபது நாள் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் ஆறு மாதப் பயிற்சிக்குச் செல்வதாயின், அவ்வீதப்படி அவன் குடும்பம் இழப்பது 162,000 ரூபாய். பயிற்சி இலவசமாயினும் இவ்விழப்பை ஈடுசெய்வார் யார்? பஸ் கட்டணமும் மதிய உணவும் இதற்கு மேற்பட்ட செலவு. இதனாலேயே, கட்டிடத்துக்கும் கருவிக்கும் மட்டும் செலவிடும் பணம் லயத்து வாயிலோடு நின்றுவிடுகிறது. பயிற்சிக் காலத்து உதவிப்பணம் தருமமன்று. அது பயிற்சிச் செலவின் ஒரு கூறேயாகும்.

மொழியும் ஒரு தடையே. தமிழிற் கற்பிக்க வல்ல போதனாசிரியரின் குறைவு நெடுநாளாக உணரப்பட்டதாகும். மின்னிணைப்பின் அபாயத்தை அரைகுறையாக விளங்கிக்கொண்ட மாணவன் தன்னுயிருக்கும் பிறருயிருக்கும் தீங்கு விளைவிப்பான்.

பலரும் அறியாத வழி ஒன்றும் உண்டு. ஏழு படிகள் கொண்ட தேசிய தொழிற்றகைமை முறையில், அனுபவத்தாற் பெற்ற திறனைச் சோதித்து அதற்குச் சான்றிதழ் வழங்க இடமுண்டு. தேயிலைத் தொழிற்சாலையிற் பல்லாண்டு இயந்திரம் பழுதுபார்த்தவரும், மேசன் வேலை கற்றவரும் வகுப்பறையில் நெடுங்காலம் அமராமலே தகுதி பெறலாம். அதற்குச் செலவு சிறிது, பயனோ பெரிது.

பயிற்சி தானாகத் தொழிலைப் படைப்பதன்று என்பதையும் மறத்தலாகாது. தொழில் தருவோரோடு தொடர்பற்ற பயிற்சி, சான்றிதழ் உடைய வேலையற்றோரையே பெருக்கும். எல்ல, அப்புத்தளைப் பகுதிகளின் உல்லாச விடுதிகள், தேயிலைத் தொழிற்சாலைகள், மோட்டார் பழுதுபார்க்கும் நிலையங்கள் ஆகியவை வேண்டும் தொழில்களை முதலில் அறிந்து, அவற்றுக்கேற்பவே பாடங்களை வகுத்தல் வேண்டும்.

எம் பழைய மாணவருள் உத்தியோகத்தரும் வணிகரும் ஆசிரியரும் உளர். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப அறியாத ஒரு பிள்ளைக்கு அதை நிரப்பிக் கொடுத்தலும், தம் கடையிலோ பணிமனையிலோ ஒரு பயிலுநருக்கு இடமளித்தலும் அவர்க்கு அரியனவல்ல. அரசாங்கத்தின் பணம் மலையடிவாரம் வரை வரும். அங்கிருந்து லயத்து வாயில்வரை அதனைக் கொண்டுசெல்லுதல் கற்றோர் கடனாம்.